காட்டோரம் வேனில் ராத்தங்கல்: கொங்குப் பக்கம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீடு. ஒரு பழைய டெம்போ டிராவலரில் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொண்டு ஏழு வருடமாக நானும் வீட்டுக்காரரும் மலையோரமாகச் சுற்றி வருகிறோம். கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு எடுத்து வருகிறவர்கள் எல்லோரும் எங்களிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொங்கு நாட்டின் காட்டோரம், அதாவது சத்தியமங்கலம், ஆனைமலை, அமராவதி, காரமடை, பர்கூர் பக்கங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் வேறு கதை.

புலிகள் காப்பகத்துக்குள் இரவில் வேனை இலவசமாக நிறுத்தித் தூங்க இடம் இருக்கிறதா?

இல்லை. காசு கட்டினாலும் இல்லை. காப்பகத்துக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ அனுமதி இல்லாமல் நுழைவதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 27ஆம் பிரிவுப்படி குற்றம். பகலில் நீங்கள் வாங்கும் சீட்டு பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஆனதும் வெளியே வந்துவிட வேண்டும்.

இதை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. படத்தில் பார்த்த இடத்தை நம்பி, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து, சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டுக் குழந்தைகளோடு இருட்டில் இடம் தேடியவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். அழகான காட்டின் பக்கத்தில், காசு கொடுக்காமல், நிம்மதியாக ஒரு ராத்திரி தங்க முடியும். ஆனால் அது காட்டுக்கு வெளியே, ஊருக்குள். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வனத்துறை விடுதி இருக்கிறதே, அதன் முற்றத்தில் வேனைப் போட்டு வேனிலேயே படுத்துக்கொண்டால்?

அறை எடுத்தால் அறையில்தான் படுக்க வேண்டும். ஆனைமலைக் காப்பகத்துக்குள் இருக்கிற டாப்சிலிப்பில் வனத்துறை விடுதிகள் இருக்கின்றன, முன்பதிவு செய்துகொண்டு போகலாம். வண்டி முற்றத்தில் பூட்டி நிற்கும். ராத்திரி வாசல்வரை காட்டுப்பன்றியும் மானும் வரும், சில நாள் யானையும் வரும். வேனின் தகரச் சுவர் அதற்குச் செய்யப்பட்டதில்லை. அந்த ஒரு நாளைக்கு வாடகை கொடுத்துவிட்டு அறையிலேயே தூங்குங்கள். சேத்துமடை சாவடி தாண்டிப் போகும் அந்தச் சாலையும் விடியற்காலையில் கோழிகமுத்தி யானை முகாமும் கொடுத்த பணத்துக்குக் குறையில்லாதவை.

நியூசிலாந்திலெல்லாம் காட்டுக்குள்ளேயே இலவசமாக நிறுத்துகிறார்கள். இங்கே மட்டும் ஏன் முடியாது?

நியாயமான கேள்விதான். நியூசிலாந்தில் இதற்கென்றே 2011இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று உள்ளாட்சிகள் வரையறுக்கின்றன. 2023இல் அதைத் திருத்தி, கழிப்பறை உள்ளேயே இருக்கிற வண்டிகளுக்கான விதிகளை இறுக்கினார்கள். அங்கேயும் கேட்பாரற்ற சுதந்திரம் கிடையாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கடலில் வாழ்பவற்றை விட்டால், அந்த நாட்டின் சொந்தப் பாலூட்டிகள் வௌவால் இனம் மட்டும்தான். அங்கே இருட்டில் வேன் கதவைத் திறந்தால் எதிரே பெரிய மிருகம் எதுவும் நிற்காது. நம் பக்கம் அப்படியா? 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063 யானைகள். அதில் பெரும்பகுதி இந்த மேற்கு மலைகளில்தான். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022இல் அதற்கு உலக அளவில் விருதும் கிடைத்தது. இங்கே ராத்திரி என்பது அவை தண்ணீருக்கும் தீனிக்கும் வெளியே வரும் நேரம். சாலையும் ஓடையும் அப்போது அவற்றின் பாதை. பகலை நாம் எடுத்துக்கொண்டோம், ராத்திரியையாவது அவற்றுக்கு விட வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

மலைச் சாலை பொதுச் சாலைதானே? ஓரமாக அகலமான இடத்தில் நிறுத்தினால் யார் கேட்பது?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். திம்பம் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆசனூர் தாண்டிக் காரப்பள்ளம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை அது. இரவில் அடிபட்டுச் செத்த விலங்குகளால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுத் தடை நடைமுறையில் இருக்கிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக வண்டிகள் போக முடியாது. ஆம்புலன்ஸ் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. எட்டரைக்கு ஏறி, வழியில் எங்கேயோ ஒதுங்கிப் படுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரோந்து வண்டி வந்து எழுப்பும்.

நாங்கள் முதல் வருடத்தில் இதே தவறைச் செய்தோம். வேறொரு மலைச் சாலை, பெயர் வேண்டாம். ஒரு வளைவுக்குப் பக்கத்தில் தட்டையாக, கீழே பள்ளத்தாக்குத் தெரிகிற மாதிரி ஒரு இடம். பலாப்பழம் வாங்கிப் பின்பக்கம் வைத்திருந்தோம். பதினோரு மணி இருக்கும், வண்டி ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. காற்றாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மூச்சுச் சத்தம் கேட்டது. பின்கண்ணாடியை அடைத்துக்கொண்டு ஒரு யானை நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில், கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் என்றே தெரியவில்லை. கதவை நெளித்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விட்டது. காலையில் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், மலைவாழ் இளைஞர், மண்ணைக் காட்டினார். நாங்கள் நிறுத்தியிருந்த அந்தத் தட்டையான இடம் யானைகள் பள்ளத்துக்கு இறங்கும் தடம். “அது வழியில நீங்க நின்னீங்க, அக்கா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மலையில் இருட்டுவதற்கு முன்னால் கீழே இறங்கிவிடுகிறோம்.

மலைச் சாலையில் அகலமான, தட்டையான, தண்ணீர் பக்கத்தில் இருக்கிற இடம் நமக்குப் பிடித்திருந்தால் யானைக்கும் அது பிடித்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கேதான் நிறுத்துவது?

காட்டு எல்லையிலிருந்து அரை மணி நேரம் தள்ளி, தெருவிளக்கு எரிகிற ஊர். எங்கள் கணக்கு அவ்வளவுதான். திம்பம், ஆசனூர் போக நினைத்தால் சத்தியமங்கலத்திலோ கோபியிலோ படுங்கள். டாப்சிலிப்புக்கும் ஆழியாறுக்கும் பொள்ளாச்சி அல்லது ஆனைமலை ஊர். அமராவதிக்கும் திருமூர்த்தி மலைக்கும் உடுமலை. பரளிக்காட்டுக்குக் காரமடை. பர்கூர் மலைக்கு அந்தியூர்.

வால்பாறைக்கு மட்டும் எங்கள் ஆலோசனை வேறு. 40 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய்விட்டால் லாட்ஜில் அறை எடுங்கள். ஊரைச் சுற்றித் தேயிலைத் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே சோலைக்காட்டுத் துண்டுகள், அதில் சிறுத்தையும் யானையும். அங்கே தெருவில் நடக்கிறவர்களுக்கே யானை இருப்பதை எச்சரிக்கச் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறார்கள். வேன் தூக்கத்துக்கு ஏற்ற ஊர் இல்லை அது. மனசு வேனில்தான் என்றால் பொள்ளாச்சியில் படுத்துவிட்டு விடியற்காலையில் ஏறுங்கள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைமேல் வரையாடு நிற்பதைப் பார்க்க அதுதான் நல்ல நேரமும்கூட.

தோட்டத்தில் நிறுத்தக் கேட்கலாமா? கேட்டால் விடுவார்களா?

முறையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். எங்கள் ஏழு வருடத்தில் மிக நல்ல ராத்திரிகள் எல்லாம் தோட்டத்துச் சாளைகளுக்கு, அதாவது தோட்டத்து வீடுகளுக்கு, பக்கத்தில் கழிந்தவைதான்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் “காடு” என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம். கிணற்றுத் தண்ணீர் பாய்வது தோட்டம். “நம்ம காட்டுல நிறுத்திக்கங்க” என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டு, சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பயந்து நகர்ந்துவிட்டது. அவர் சொன்னது சோளம் அறுத்து முடித்த தன் நிலத்தை.

கேட்பதற்கு நேரம் நாலரை, ஐந்து மணி. மாடு பிடித்துக் கட்டுகிற, பால் கறக்கிற நேரத்தில் ஆள் வெளியே இருப்பார்கள். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நாய் குரைத்தால் அங்கேயே நின்று கூப்பிடுங்கள். “ஏனுங்க, பெரியவருங்களா” என்று ஆரம்பித்து, எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கக் கூடாது, முடிவு பெரும்பாலும் அவர் கையில்தான். ஆதார் அட்டையைக் காட்டத் தயாராக இருங்கள். இப்போது தோட்டத்து வீடுகளில் திருட்டுப் பயம் இருக்கிறது, வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தத் தயக்கம் நியாயமானது.

காசு நீட்டாதீர்கள், பலருக்கு அது வருத்தம். அடுத்த நாள் காலையில் அவர்கள் தோட்டத்து இளநீரோ தக்காளியோ காசு கொடுத்து வாங்குங்கள். நாங்கள் எங்கள் ஊர்ப் பக்கத்து நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ எப்போதும் வைத்திருப்போம். அதைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

தோட்டத்துக்குள் எந்த இடத்தில் நிறுத்துவது?

தென்னை மரத்தடியில் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் எங்கே பார்த்தாலும் தென்னைதான், நிழல் ஆசை காட்டும். ஒரு காய் விழுந்தால் முன்கண்ணாடி போச்சு, பச்சை மட்டை விழுந்தால் கூரை ஓட்டை. ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அப்படி. கொப்பரை காயப்போடும் களம் காலியாக இருந்தால் அதுதான் சிறந்த இடம். சிமெண்ட் தரை, மேலே திறந்த வானம், பூச்சி பொட்டும் குறைவு. காலை ஏழு மணிக்குள் களத்தைக் காலி செய்து கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு வேலை இருக்கும்.

ஈர மண்ணில் இறங்காதீர்கள். பாசனம் விட்ட மண்ணில் வேன் சக்கரம் புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள். அப்புறம் மயில். எங்கள் பக்கம் மயில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. பளபளப்பான கதவில் தன் உருவத்தைப் பார்த்து வேறு மயில் என்று கொத்தும். பக்கவாட்டுக் கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டிவிட்டால் போதும்.

வாய்க்கால் கரையில் நிறுத்தலாமா? பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறதே.

கீழ்பவானி வாய்க்கால் கரையும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட வாய்க்கால் கரையும் சாயங்காலத்தில் எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியும், வளர்ந்ததே அங்கேதான். ஆனால் அது மண் கரை. வேன் எடைக்கு ஓரம் சரியும். இருட்டில் கால் தவறினால் ஓடுகிற தண்ணீரிலிருந்து ஏறி வருவது கடினம். நடந்துவிட்டு வாருங்கள், படுக்க வேண்டாம்.

கோயில் வண்டி நிறுத்தத்தில் தூங்கலாமா?

யாத்திரை வருகிறவர்கள் காலங்காலமாக வண்டியில்தான் தூங்குகிறார்கள். பழனி, பவானி கூடுதுறை, கொடுமுடி மாதிரி ஊர்களில் வேனில் படுத்திருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கழிப்பறை இருக்கும், விடியற்காலை நாலு மணிக்கே டீக்கடை திறந்துவிடும். காவலாளியிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சில இடங்களில் நிறுத்தக் கட்டணச் சீட்டு உண்டு, அதை வாங்கிவிடுங்கள். அசைவம் சமைக்காதீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாள் பார்த்துப் போங்கள். ஆடிப்பெருக்கு, அமாவாசை, தைப்பூசம் நாட்களில் உள்ளே போனால் வெளியே எடுக்க முடியாது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று வரும் கூட்டத்தில் ஊருக்குள்ளேயே வண்டி நகராது. மற்ற நாட்களில் டாப்சிலிப் போகிறவர்களுக்கு அந்த ஊர் நல்ல படுக்கை இடம்.

பண்ணாரியைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். பங்குனிக் குண்டம், அதாவது தீமிதித் திருவிழா சமயத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் அங்கேயே படுத்திருப்பார்கள், அது வேறு. சாதாரண நாளில் கோயில் நடை சாத்திய பிறகு அது காட்டு வாசல்தான். சத்திக்கு, அதாவது சத்தியமங்கலத்துக்கு, வந்துவிடுங்கள்.

பெட்ரோல் பங்க், டோல்கேட், மண்டபம்?

சேலம் – கோவை நெடுஞ்சாலையில் பெரிய பங்குகளில் டீசல் போட்டுவிட்டுக் கேட்டால் ஒதுக்குப்புறமாக விடுவார்கள். லாரிகள் நிற்கும், சத்தம் இருக்கும். அங்கே அடுப்பு பற்றவைக்கவே கூடாது. டோல்கேட் கழிப்பறையைப் பயன்படுத்தலாம், தூங்க எனக்குப் பிடிப்பதில்லை.

கல்யாண மண்டபத்தைப் பலர் யோசிப்பதில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் பெரிய முற்றம் காலியாகக் கிடக்கும், சுற்றுச்சுவர், விளக்கு, தண்ணீர், காவல்காரர் எல்லாம் உண்டு. ஆடி, மார்கழியில் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று முறை காசே வாங்காமல் விட்டிருக்கிறார்கள்.

அணைப் பூங்காக்களில்?

பவானிசாகர், ஆழியாறு, அமராவதி எதிலும் இரவில் கூடாது. பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வருவது ஊருக்கே தெரிந்தது. அமராவதியில் முதலைப் பண்ணை இருக்கிறது, அணைத் தண்ணீரிலும் முதலை உண்டு. குளிக்கிறேன் என்று இறங்காதீர்கள்.

பறவைகள் சரணாலயத்துக்கு விடியற்காலையில் போக வேண்டும். வாசலிலேயே படுத்துக்கொள்ளலாமா?

படுக்க வேண்டிய தேவையே இல்லை. வெள்ளோடு ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் வழியில் இருக்கிறது, ஈரோட்டிலோ சென்னிமலை அடிவாரத்திலோ படுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குப் போய்விடலாம். திருப்பூர் நஞ்சராயன் குளம் ஊத்துக்குளி சாலையிலேயே இருக்கிறது. வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஐப்பசி முதல் மாசி வரை போனால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் பார்க்கலாம். இரவில் கரையில் வண்டி விளக்குப் போட்டால் அடைந்திருக்கிற பறவைகள் மொத்தமாகக் கலைந்து எழும். ஒரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்டால் மறுபடி செய்ய மனசு வராது.

வேனில் சமைக்கலாமா? வெளியே தீ மூட்டி உட்காரலாமா?

வேனுக்குள் சமையுங்கள், ஊருக்குள் இருக்கும்போது. காட்டோரத்தில் தீ மூட்டுவதை விட்டுவிடுங்கள். சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடுக்க வனவிலங்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. மாசி, பங்குனியில் மூங்கிலும் புல்லும் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்ததை யாரும் மறக்கவில்லை.

சமைத்த மிச்சம், பழத்தோல், உப்பு, வெல்லம் எதையும் வெளியே வைக்காதீர்கள். வேனுக்குள்ளும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். வால்பாறையில் யானைகள் அரிசிக்காகவே வீட்டுச் சுவரை உடைக்கின்றன. திம்பம் சாலையில் கரும்பு லாரியை மறித்துக் கரும்பு எடுக்கின்றன. மனுஷன் வண்டியில் தீனி இருக்கிறது என்று அவற்றுக்குக் கற்றுக் கொடுத்தது நாம்தான். மலைப்பாதைக் குரங்குகளுக்கு பிஸ்கட் போடுவதும் அதே தப்பு.

வெயில் காலத்தில் ஏசி இல்லாமல் எப்படித் தூங்குவது? ஜெனரேட்டர் வைக்கலாமா?

இதை அலட்சியமாகப் படிக்க வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, எரிச்சல் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுப் படுப்பதும் அதே ஆபத்துதான்.

எங்கள் வேனில் பேட்டரியில் ஓடும் இரண்டு மின்விசிறி, கூரையில் ஒரு காற்றுப்போக்கி, ஜன்னலுக்குக் கொசுவலை. பகலில் சூரியத் தகடு பேட்டரியை நிரப்பிவிடும். சித்திரையில் ஈரோட்டில் இது போதாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் சித்திரையில் நாங்கள் வேனை எடுப்பதில்லை. கேஸ் சிலிண்டர் இருந்தால் படுப்பதற்கு முன் ரெகுலேட்டரை மூடுங்கள், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கித் தலைமாட்டில் மாட்டுங்கள்.

கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது?

எங்கள் பக்கம் அதற்கென்று இடம் இல்லை, அதனால் இப்படிச் செய்கிறோம். வேனில் இருப்பது சின்னக் கையடக்கக் கழிப்பறை. அதை வீட்டில்தான் காலி செய்கிறோம், இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் வீட்டுக் கழிப்பறையில் அனுமதி கேட்டு. ஓடையிலோ புதரிலோ ஒரு முறைகூட ஊற்றியதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றுவதாக இருந்தால் சோப்பு இல்லாமல், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

கண்ணாடி பாட்டிலைப் பற்றி இன்னொரு வார்த்தை. உடைந்த பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் புண் சீழ் வைத்து, நடக்க முடியாமல் பட்டினியில் சாகும். நீலகிரியில் மது பாட்டிலை 10 ரூபாய்க்குத் திரும்ப வாங்கும் ஏற்பாடு நீதிமன்றம் தலையிட்டு வந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். நாங்கள் போகிற இடங்களில் மற்றவர்கள் போட்ட பாட்டிலையும் ஒரு சாக்கில் பொறுக்கி வருகிறோம்.

எங்கள் நாயைக் கூட்டி வரலாமா?

காப்பகத்துக்குள் விடமாட்டார்கள். காட்டோர ஊர்களிலும் வேண்டாம். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை, வாசலில் கட்டிய நாயைத் தேடி வீட்டுவரை வரும்.

இ-பாஸ் வேண்டுமா? வண்டிக் காகிதம் என்னென்ன?

நீலகிரிக்கு 2024 மே 7 முதல், வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. இணையத்தில் பதிந்துகொண்டு கிளம்புங்கள். திம்பம், டாப்சிலிப் பக்கம் போக இந்தப் பாஸ் கேட்பதில்லை, ஆனால் சாவடியில் வண்டி எண்ணைப் பதிவார்கள்.

வேனில் நீங்களாகக் கட்டிலும் அடுப்பும் பொருத்தியிருந்தால் பதிவுச் சான்றில் அந்த மாற்றம் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் விபத்து நேரத்தில் காப்பீட்டுக்காரர் கைவிரிப்பார். எங்களுக்கு அந்த வேலை முடிய நாலு மாதம் அலைய வேண்டியிருந்தது, இருந்தாலும் செய்துவிடுங்கள்.

பெண்கள் மட்டும் வரலாமா?

வரலாம். நானும் தங்கையும் மட்டும் எட்டு முறை போயிருக்கிறோம். ஒரே ஒரு மாற்றம்: தனித் தோட்டம் வேண்டாம், கோயிலோ மண்டபமோ வீடுகள் நெருங்கிய தெருவோ பாருங்கள். சாயங்காலமே அந்த ஊர் காவல் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டால் ரோந்துக்காரர்கள் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்கள். ஓட்டுநர் இருக்கையில் எதையும் வைக்காதீர்கள், வண்டியின் முகம் சாலையைப் பார்த்து நிற்கட்டும். அவசரத்துக்கு 112.

எவ்வளவு கவனமாக இருந்தும் யானை வந்துவிட்டால்?

வேனுக்குள் படுத்திருக்கும்போது வந்தால் உள்ளேயே இருங்கள். விளக்கை அணையுங்கள், பேசாதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், கைபேசியில் படம் எடுக்காதீர்கள். குழந்தை அழுதால் வாயைப் பொத்தாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஓட்டிக்கொண்டு வரும்போது முன்னால் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, மெதுவாகப் பின்னால் எடுங்கள். குட்டியோடு இருந்தால் நடுவில் புகுந்து கடக்க நினைக்கவே கூடாது.

“காட்டுக்குள் கூடாரம், கேம்பர் நிறுத்தம், யானை பார்க்கலாம்” என்று விளம்பரம் வருகிறதே?

அப்படி ஒன்றை நம்பி முன்பணம் கட்டி ஏமாந்தோம். போய்ப் பார்த்தால் அனுமதி எதுவும் இல்லாத ஒரு பட்டா நிலம், யானைகளை வரவழைக்க ராத்திரி உப்பும் பழமும் போட்டு வைத்திருந்தார்கள். அப்போதே திரும்பிவிட்டோம். தமிழ்நாட்டில் கூடார முகாமும் கேரவன் நிறுத்தமும் நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

காட்டுக்குள் நடக்க ஆசையென்றால் அரசின் மலையேற்றத் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், இணையத்தில் பதியலாம், மலைவாழ் மக்கள் வழிகாட்டியாக வருவார்கள். தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணமும் அப்படித்தான், முன்பதிவு செய்து, பகலில் போய், அங்குள்ள மலைவாழ் பெண்கள் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் காரமடைக்கு இறங்கிவிடலாம்.

ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது. எங்கே போகலாம்?

கார்த்திகை, மார்கழியாக இருந்தால் சத்தியமங்கலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடிவேரி தடுப்பணையைப் பார்த்துவிட்டு, கோபிக்கும் சத்திக்கும் நடுவில் ஏதாவது தோட்டத்தில் கேளுங்கள். ராத்திரி எட்டரைக்குப் படுத்துவிடுங்கள். நாலரைக்கு எழுந்து, தோட்டத்து வீட்டில் சொல்லிவிட்டு, வழியில் டீ குடித்துவிட்டுப் பண்ணாரி சாவடிக்கு ஐந்தே முக்காலுக்குப் போய் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கும், ஓட்டுநர்கள் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், கோயில் மணி அடிக்கும். ஆறு மணிக்குத் தடுப்பைத் தூக்குவார்கள். முதல் பத்து வளைவை லாரிக்குப் பின்னால் பொறுமையாக ஏறுங்கள், முந்த வேண்டாம். சாலையில் பச்சைச் சாணி ஆவி பறக்கக் கிடந்தால் வேகத்தை இன்னும் குறைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் புதரைப் பாருங்கள்.